ஆறினால் சரியாகிவிடும்

மகள் வீட்டுப் பின்புறம் மரப்பலகை அடித்த திண்ணை ஒன்று இருக்கிறது. இங்கே அதை டெக் என்கிறார்கள். அதில் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்று வீடுகளின் புறக்கடை தெரியும். நடுவே வேலி கிடையாது, சுவர் கிடையாது. ஒகையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே, டெலவேர் கவுண்டியில் உள்ள இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் ஏக்கர் அளவுக்குப் புல்தரை. ஒருவர் இடம் எங்கே முடிகிறது என்பதைப் புல்லின் உயரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மாடு கட்டாத வீட்ல இத்தனை புல்லு எதுக்குங்க?" என்று வந்த முதல் வாரமே என் மனைவி கேட்டுவிட்டாள். ஊரிலிருந்து வரும் எல்லா அம்மாக்களும் அதைக் கேட்பார்கள் என்றாள் மகள். இரண்டாவது வாரம் யாரும் கேட்பதில்லையாம். உண்மைதான், நாங்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையைத் திறப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். வெளுத்துப்போன நீலத் தொப்பி, முழங்கால்வரை காக்கி டிரவுசர், காதுகளை மூடிய பெரிய அடைப்பான். சிவப்பு நிறத்தில் குட்டி டிராக்டர் மாதிரி ஒரு வண்டி வைத்திருக்கிறார், புல் வெட்டுவதற்கென்றே. வண்டியின் வயிற்றுக்கடியில் 42 அங்குல அகலத்துக்கு ஒரு தட்டைக் கூண்டு, அதற்குள் பிளேடுகள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின். தண்ணீர் கிடையாது, காற்றில் குளிர்வது. இதையெல்லாம் நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. கோவை கணபதியில் முப்பத்தெட்டு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவனுக்கு, ஓடுகிற எதையும் முதலில் காதுதான் பார்க்கும்.

அவர் வெட்டுவது உழவு மாதிரி இருக்கும். ஒரு சால் போவார், திரும்புவார், முந்தைய சாலை நாலு விரல் தொட்டுக்கொண்டு அடுத்த சால். கோடு வளையாது. எங்கள் பக்கத்து எல்லைக்கு வந்ததும் எங்கள் புல்லிலும் ஒரு சால் சேர்த்து வெட்டிவிட்டுப் போவார். மருமகன் அதைக் கவனித்திருப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை. நாற்பது நிமிஷம் போல வெட்டியிருப்பார். வழியில் தோட்டத்துக் குழாய் சுருண்டு கிடந்தது. இறங்கினார். சீட்டில் ஆள் இல்லாமல் பிளேடு சுற்றக்கூடாது என்று சீட்டுக்கடியில் சுவிட்ச் வைத்திருப்பார்கள்; எழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். நின்றது. குழாயை இழுத்துப் போட்டுவிட்டு வந்து ஏறினார், சாவியைத் திருகினார்.

ஸ்டார்ட்டர் சுற்றியது, ஒரே சீராக, நல்ல வேகத்தில். இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. நான் நாற்காலியில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தேன். பேட்டரி இளைத்திருந்தால் அந்தச் சத்தம் இழுத்து இழுத்து வரும். சொலினாய்டு போயிருந்தால் 'டிக்' என்பதோடு முடிந்துவிடும். வால்வு இடைவெளி விலகியிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் திணறும். இதில் ஒன்றும் இல்லை. பெட்ரோலோ பொறியோ, இரண்டில் ஒன்று போய்ச்சேரவில்லை.

பானெட்டைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். மூடினார். வீட்டுக்குள் போய்விட்டார். புல்தரையில் பாதி குட்டையாகவும் பாதி நெட்டையாகவும், நடுவே நூல் பிடித்த கோடாகவும் கிடக்க, கோட்டின் முனையில் சிவப்பு வண்டி நின்றது.

இந்த ஊரில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாயும். ஏழு மணிக்கு வந்து சாவியைத் திருகினார். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மீதியை வெட்டி முடித்தார். இறங்கும்போது வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், எருமையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொட்டகை நிழலில் நிறுத்திப் புது பிளக் மாட்டினார். காற்று வடிகட்டியை மாற்றினார். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சாவியைத் திருகினார். உடனே பிடித்தது. நிறுத்தினார், மறுபடியும் திருகினார். மறுபடியும் பிடித்தது. நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

எனக்கு நிம்மதி இல்லை. பிளக் மாற்றியதால் பிடித்ததா, ஆறியிருந்ததால் பிடித்ததா? முந்தின நாள் மாலை எதையும் மாற்றாமலேயே பிடித்ததே. அவருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணமில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் மோனோபிளாக் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது என்றார். மேசைமேல் வைத்து மெகர் பிடித்துப் பார்த்தேன். காயில் நன்றாக இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஒன்றும் இல்லை, லைனில்தான் வோல்டேஜ் குறைவு என்று அனுப்பிவிட்டேன். திரும்பக் கொண்டுவந்தார். பேரிங் மாற்றி அனுப்பினேன். திரும்பவும் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை அவர் குரல் உயரவில்லை. "ஏனுங்க, அது ஓடி ஓடித்தானுங்க நிக்குது. உங்க மேசை மேல சும்மா கெடந்தா எப்படீங்க நிக்கும்?" என்றார். அன்றைக்கே மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் கிணற்றுக்குப் போனேன். ஒன்றேகால் மணி நேரம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் நின்ற நிமிஷம் மீட்டர் முனையை வைத்தேன். ஒரு ஜாயிண்ட் சூட்டில் விட்டிருந்தது. அரை மணி கழித்து வைத்தால் அதே ஜாயிண்ட் ஒட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக இருந்தது. அவரிடம் இரண்டு தடவை கூலி வாங்கியிருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை வெயில் கூடுதல். ஐம்பது நிமிஷம் ஓட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். பிறகு பிடிக்கவில்லை. இந்த முறை யோசித்துவிட்டு வந்திருந்தார் என்று தெரிந்தது. நேராகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகித் தளர்த்தினார். காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் குனிந்து காது கொடுத்தார். நல்ல சோதனைதான். டேங்க் மூடியில் ஒரு காற்று வழி இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். தூசி அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடமாகி, பெட்ரோல் இறங்காது. எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் துளை போட்டால் எண்ணெய் விழாமல் தவிக்குமே, அதே சங்கதி. அப்படி இருந்தால் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுக்கும். இழுத்ததாகத் தெரியவில்லை. மூடியைத் தளர்த்தியபடியே வைத்துத் திருகிப் பார்த்தார். ஸ்டார்ட்டர்தான் சுற்றியது.

அவர் மனைவி வந்தார். கியரை விடுவிக்கிற கம்பியை இழுத்துவிட்டு இருவரும் தள்ளினார்கள். கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை இருக்கும். இரண்டு கிழங்கள். நாலடிக்கு ஒருமுறை நின்றார்கள்.

"அப்பா, போய் ஒரு கை பிடிங்கப்பா" என்றாள் மகள், சமையலறை ஜன்னலிலிருந்து. எழுந்தேன். நான் படியிறங்குவதற்குள் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைப் பார்த்து அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மாலையில் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். வழக்கமாக யாரும் கழற்றாத மூடி அது. அடியில் ஃபிளைவீல், அதன் தலையிலேயே விசிறி. விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சிச் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு இடுக்குகளில் ஊத வேண்டும். அந்த இடுக்குகளிலிருந்து காய்ந்த புல்லைப் பிடி பிடியாக எடுத்தார். அப்புறம் பஞ்சும் நாருமாக ஓர் எலிக்கூடு வந்தது. அதைக் கையில் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் கொட்டகைக்குள் கட்டியிருக்கும். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்கிற முகம். எனக்குமே ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. எலிக்கூடு சூட்டை ஏற்றியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஏறிய சூடு யாரைக் கெடுத்தது என்பது அந்தக் கூட்டுக்குள் இல்லை. வியாழக்கிழமை வரை மழை. பாதிப் புல் நெட்டையாகவே நின்றது.

இதில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சூட்டால்தான் கெடுகிறது என்றால் ஓடும்போதே நிற்க வேண்டாமா, நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது மட்டும் ஏன் மறுக்கிறது? ஓடுகிற வரைக்கும் விசிறி ஊதிக்கொண்டிருக்கிறது. நிறுத்திய கணத்தில் காற்று போய்விடும். சிலிண்டரில் உள்ள சூடு எங்கும் போகாது. அது ஊர்ந்து அக்கம்பக்கத்தில் ஏறும். கார்புரேட்டருக்கு ஏறும், பெட்ரோல் குழாய்க்கு ஏறும், பிளக்குக்குப் பொறி அனுப்பும் காயிலுக்கு ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கடைசித் தோசையைக் கருக்கிவிடுகிறதே. நின்ற இன்ஜினின் காயில், ஓடிய இன்ஜினின் காயிலைவிடச் சூடு. இன்னொன்றும் உண்டு. ஓடும்போது ஃபிளைவீலில் உள்ள காந்தம் நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவைக்குமேல் காயிலைக் கடந்து ஓடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சில நூறு தடவைதான். காந்தம் மெதுவாகக் கடந்தால் பிறக்கிற மின்சாரமும் மெலிவு. அரை உயிரில் இருக்கும் காயில் ஓட்டத்தில் தாக்குப்பிடித்துவிடும், தொடக்கத்தில் கைவிட்டுவிடும்.

காயிலா, பெட்ரோலா என்று எனக்கும் அதுவரை அறுதியாகத் தெரியாது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே அடையாளம்தான் காட்டும். மேட்டுப்பாளையம் தாண்டிப் பர்லியாறு ஏறும்போது பழைய கார்கள் மூச்சு வாங்கி நின்றுவிடும். டிரைவர் இறங்கிப் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பீடி பற்றவைப்பார். பீடி முடியும்போது வண்டி கிளம்பும். ஆறினால் சரியாகிவிடும் என்பது அவர்கள் வேதம். ஊட்டி போய்ச்சேர அது போதும். பழுதைக் கண்டுபிடிக்க அதைவிட மோசமான வழி இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகை திறக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "டீவியில படம் நின்னுபோன மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

சாயங்காலம் ஏழரை மணிக்கு வண்டி வந்தது. கூடவே இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதை எங்கள் எல்லைக்கு அருகில் புல்லின்மேல் வைத்துவிட்டு வெட்ட ஆரம்பித்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கிணற்று மேட்டுக்கு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

ஐம்பது நிமிஷம் வெட்டினார். எல்லா வேலையும் முடிகிற கட்டத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வேண்டுமென்றே நிறுத்தினார். பிரேக்கைப் பூட்டினார். கடிகாரம் பார்த்தார். ஏழெட்டு நிமிஷம் ஒன்றுமே செய்யவில்லை. சும்மா நிற்கவில்லை, சூடு ஏறட்டும் என்று நின்றார். பிறகு சாவி. ஸ்டார்ட்டர் சுற்றியது, பிடிக்கவில்லை. அவர் முகத்தில் எரிச்சலைக் காணோம்.

பெட்டியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சாமானை எடுத்தார். பொறி பார்க்கும் டெஸ்டர். பிளக்கின் தொப்பியைக் கழற்றி நடுவில் அதை மாட்டினால், மின்சாரம் வரும்போதெல்லாம் அதற்குள் சின்ன விளக்கு மினுங்கும். பகல் வெயிலில் அந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது. காலையில் வராமல் இந்நேரத்துக்கு வந்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் மனைவி வந்து சாவியருகே நின்றார். இவர் குனிந்து டெஸ்டரைப் பார்த்தபடி கையசைத்தார். அம்மாள் திருகினார். பதினைந்து தப்படி தூரத்தில் நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன்.

இருட்டு.

பெட்ரோல் தப்பித்தது. டேங்க் மூடி, குழாய், கார்புரேட்டர், ஆவி, எல்லாம் ஒரே திருகலில் வழக்கிலிருந்து விடுதலை.

சாக்கெட் ஸ்பேனரால் மேல்மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றினார். போன வாரம் கழற்றிப் பழகியதால் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. காயிலை நேரே குற்றம் சொல்லவில்லை. காயிலுக்குப் போகும் ஒரேயொரு மெல்லிய ஒயரைப் பிடுங்கினார். இன்ஜினை நிறுத்தும் ஒயர் அது. சாவியை மூடினாலும் சீட்டைவிட்டு எழுந்தாலும் காயிலை எர்த் செய்து பொறியைக் கொல்வது அதன் வேலை. சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச் சூட்டில் கெட்டு, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே எர்த் செய்துகொண்டிருந்தாலும் பொறி வராது. காயிலைக் குறை சொல்லிப் புதுசு வாங்கி மாட்டி, அதுவும் வேலை செய்யாமல் தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஒயர் பிடுங்கிய நிலையில் கைகளை ஃபிளைவீலிலிருந்து விலக்கிக்கொண்டு தலையாட்டினார். அம்மாள் திருகினார்.

இருட்டு. சுவிட்சுகளும் விடுதலை.

"அப்பா, உங்களுக்குத் தெரியும்ல? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" மகள் காப்பியோடு வந்து பின்னால் நின்றிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் வராதே என்று கூச்சப்படுவதாக நினைத்திருப்பாள். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, காயில், அதுவே இங்கிலீஷ்தான். ஆனால் இன்னும் ஒரு படியில் மனிதர் கையால் பிடித்துவிடுவார். இப்போது நான் போய்ச் சொன்னால் அது நான் சொன்ன பழுதாகிவிடும். மூன்று வாரம் தள்ளியவர் அவர்.

அம்மாள் வீட்டுக்குள் போய் ஒரு பையுடன் வந்தார். உறையவைத்த பச்சைப்பட்டாணி. அவர் அதைக் காயிலின்மேல் சார்த்தி வைத்து, மேலே தொப்பியைக் கழற்றி அமுக்கினார். தலையில் முடி அதிகமில்லை. இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள். மின்மினிகள் தரைமட்டத்திலிருந்து எழும்பத் தொடங்கியிருந்தன. அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், காதில் விழவில்லை.

காயிலுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். இரும்புத் தகட்டின்மேல் தடித்த கம்பியில் ஒரு சுற்றுக்கட்டு. அதன்மேல் தலைமுடி போல மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. எல்லாவற்றையும் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். செம்பு ஒரு மீட்டருக்கு, நூறு டிகிரி ஏறினால், 1.7 மி.மீ. நீளும். பிசின் வேறு கணக்கில் விரியும். வருஷக்கணக்கில் விரிந்து சுருங்கிய மயிர்க்கம்பி எங்கோ ஓரிடத்தில் இற்றிருக்கும். சூட்டில் அந்த இரண்டு முனையும் விலகும், ஆறினால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இதைப் பிரித்துக் கட்டவும் முடியாது. என் தொழிலில் ஒரு மோட்டாரை உரித்து, பழைய கம்பியை இழுத்தெறிந்து, கேஜ் பார்த்துச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுத்துவிடலாம். பிசினில் புதைத்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் புதுப் பொருள்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பத்து நிமிஷம் கழித்துப் பட்டாணியை எடுத்தார். ஈரத்தைத் துடைத்தார். அம்மாள் திருகினார்.

டெஸ்டருக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுக், மினுக், மினுக்.

அவர் நிமிரவே இல்லை. இன்னொரு தடவை என்று கை காட்டினார். மறுபடி மினுக்கியது. பிறகுதான் எழுந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அம்மாள் பட்டாணிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலுக்குத் திரும்பப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

புதுக்காயில் வியாழக்கிழமை ஒரு சிறிய அட்டைப் பெட்டியில் வந்தது. மாட்டியதைப் பார்த்தேன். காயிலின் கால்களுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி வேண்டும். அதற்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். நடுவில் கார்டைச் செருகினார். காந்தமே காயிலை இழுத்துக் கார்டோடு ஒட்டவைத்தது. இரண்டு போல்ட்டை முடுக்கி, ஃபிளைவீலைக் கையால் சுற்றிக் கார்டை உருவினார். அவ்வளவுதான் வேலை. போல்ட் முடுக்குகிற நேரத்தில் பாதிகூட அவர் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் மூன்று சனிக்கிழமைகளில் யோசித்தாகிவிட்டது.

நாலாவது சனிக்கிழமை 33 டிகிரி. நடுவில் மூன்று முறை வேண்டுமென்றே நிறுத்தினார், ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றார், ஒவ்வொரு முறையும் அரைச் சுற்றில் பிடித்தது. எங்கள் பக்கத்து ஒரு சாலையும் வெட்டிவிட்டுப் போனார்.

பழைய காயிலைக் கொட்டகை வாசலில் இருந்த குப்பைத்தொட்டி மூடியின்மேல் வைத்திருந்தார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மீட்டர் வைத்துப் பார்க்க எனக்குக் கை அரித்தது. வைத்தாலும் நல்ல காயில் என்றுதான் காட்டியிருக்கும், அது ஆறிப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.